கடைசி அத்தியாயமும் காதில் பஞ்சும்

நான் முப்பத்தொரு வருடமாக ஒரே கால்பந்து அணிக்கு ரசிகன். நீலச்சட்டை அணி. இந்த முப்பத்தொரு வருடத்தில் அவர்கள் எந்தக் கோப்பையையும் தூக்கியதில்லை. ஒரே ஒரு தடவை, வேறு அணி ஜெயித்த கோப்பை வந்த வண்டி மைதான வாசலில் மக்கர் செய்தபோது தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் எப்போதோ கையைக் கழுவியிருப்பார்கள். நான் விடவில்லை. அதேபோல ஒரே நாவலை ஒன்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அதையும் விடவில்லை. "மாப்பிள்ளைக்கு எதையும் விடத் தெரியாது" என்று என் மாமனார் சொல்வார். கல்யாணமான புதிதில் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாவல் மொத்தம் நாற்பது அத்தியாயம். முப்பத்தெட்டு முடிந்திருந்தது. முடிந்தும் என்ன, கதாநாயகன் வீட்டை விட்டு இன்னும் கிளம்பவில்லை. வாசலில் நின்று யோசித்துக்கொண்டே இருந்தான். என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அவரு எப்பதாங்க செருப்பு மாட்டுவாரு?"

இந்த நிலைமையில்தான் நான் படைப்பு முடிப்பு வாரியத்தில் சேர்ந்தேன். எழுத்தாளர்கள் எதையும் சொன்ன நாளில் முடிப்பதில்லை என்று பொதுமக்கள் கொடுத்த புகாரின் பேரில் தொடங்கப்பட்ட வாரியம் அது. பொதுமக்களில் யார் அப்படிப் புகார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. கதவில் ஓர் அட்டை: "கற்பனை நேரம்: காலை 9.30 முதல் 1.00 வரை, 2.00 முதல் 5.00 வரை." குறித்த நாளில் முடித்தால் வாரியமே புத்தகமாக அச்சிடும். முடிக்காவிட்டால் கையெழுத்துப் பிரதி தரைக்குக் கீழே உள்ள முடியாத படைப்புகள் காப்பகத்துக்குப் போகும். அங்கே போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. அடுத்த அறைக் கவிஞருக்குக் கடைசி வரியில் ஒரு சொல் கிடைக்கவில்லை. கெடு தாண்டியது, கவிதை கீழே போய்விட்டது. மறுநாள் காலை பல் தேய்க்கும்போது அந்தச் சொல் கிடைத்தது. மனிதர் இப்போது அதை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உலாவிக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கெடு, மே மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஐந்து மணி. என் தலையெழுத்து, அந்த சீசனின் கடைசி ஆட்டமும் அதே சனிக்கிழமை மூன்று மணிக்கு. நீலச்சட்டை அணி பட்டியலில் அடியிலிருந்து இரண்டாவது. கடைசி இரண்டு அணிகளைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் தப்பலாம்.

அதற்கு ஏழு வாரத்துக்கு முன்பு எனக்கு ஒரு கடிதம் வந்தது.

"பொருள்: அறை எண் 14 - கற்பனை நேரத்தில் கூச்சல் - விளக்கம் கோருதல். மேற்படி அறையில் தங்கியுள்ள நாவலாசிரியர், 9ஆம் தேதி பிற்பகல் 4.12 மணிக்கு, படைப்புடன் தொடர்பற்றதாகக் கருத இடமுள்ள உரத்த சத்தம் எழுப்பியதாகத் தெரியவருகிறது. மூன்று நாட்களுக்குள் நேரில் விளக்கமளிக்க இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்."

போனேன். விசாரித்தவர் கெடு அலுவலர். மெலிந்த, சாதுவான மனிதர். தேதி முத்திரையை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்திருப்பார். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அலைவார்.

"நீங்க கத்தினது உண்மையா?"

"உண்மைங்க."

"என்னன்னு கத்தினீங்க?"

"‘அடப்பாவி, பக்கத்துல ஆள் நிக்கிறான் பாரு, அவனுக்குக் குடுடா’ன்னு."

அவர் எழுதிக்கொண்டார். "இது உங்க நாவல்ல வர்ற வசனமா?"

"இல்லீங்க. ரேடியோவுல மேட்ச் கேட்டுக்கிட்டிருந்தேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாவல்ல வர்ற வசனம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா இதோட முடிஞ்சிருக்குமே சார். இப்ப கவனச்சிதறல்னு கோப்பு போட்டாகணும். உங்க நேரமும் போச்சு, என் நேரமும் போச்சு."

கோப்பு போட்டார்கள். பதினோரு நாள் விசாரணை நடந்தது. முதல் நாள் எனக்கு எத்தனை வயதில் இந்தப் பழக்கம் தொடங்கியது என்று கேட்டார்கள். நான்காம் நாள், ஒரு பந்தை இருபத்திரண்டு பேர் துரத்துவதால் இலக்கியத்துக்கு என்ன லாபம் என்று பட்டியலிடச் சொன்னார்கள். ஏழாம் நாள் ரேடியோவை என் முன்னால் உட்காரவைத்து, இதுதான் அந்த ரேடியோ என்று அடையாளம் காட்டச் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒன்பதாம் நாள் கணக்குப் போட்டுப் பார்த்துக் கேட்டேவிட்டேன்.

"ஒரு சீசன் மேட்ச் மொத்தமும் கேட்டாலும் அம்பத்தொரு மணி நேரம்தாங்க ஆகும். அதை நான் கேட்டேனான்னு நீங்க விசாரிச்சதே அறுபது மணி நேரத்தைத் தாண்டிடுச்சு. எதுங்க கவனச்சிதறல்?"

கெடு அலுவலர் கோபப்படவில்லை. "அது வேற சார்," என்றார். "இது நடைமுறை."

தீர்ப்பு வந்தது. நாவல் முடியும்வரை நான் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கவோ கேட்கவோ கூடாது. ரேடியோவுக்கு அரக்கு வைத்தார்கள். சனிக்கிழமை மதியம் குடும்பத்தாரோடு நலம் விசாரிக்க தாழ்வாரத் தொலைபேசி மட்டும் அனுமதி. அதற்கு எவ்வளவு நேரம் என்று வரையறுக்க ஒரு குழு அமைத்திருந்தார்கள். அந்தக் குழு இன்னும் கூடவில்லை என்பதால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

எனக்கு வேறு வழியில்லை. மனைவியிடம் கெஞ்சினேன். அவளுக்குக் கால்பந்து என்றால் வேப்பங்காய். "டீவியைப் போட்டுட்டு என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லு, உனக்குப் புண்ணியமா போகும்" என்றேன். முதல் சனிக்கிழமை அவள் சொன்னது இப்படி இருந்தது.

"உங்க ஆளுங்க நீலம்தானே? ஒருத்தன் மட்டும் மஞ்சள் போட்டிருக்கானே, அவனைச் சேத்துக்கலையா?"

"அவன்தான் கோல்கீப்பர்."

"பாவங்க, தனியா நிக்கிறான். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க அவன்கிட்ட. இந்த விசில் ஊதுற ஆளு இருக்காரே, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறாரு. கிட்டப்பார்வை. எங்க கடைக்கு வந்தாருன்னா மைனஸ் ரெண்டுக்குக் குறையாது. ஐயையோ, உங்க ஆளுங்கள்ல அந்த நீளமுடிக்காரன் விழுந்துட்டான்."

"அடிபட்டுடுச்சா?"

"கால்ல ஒண்ணும் இல்ல. மனசுலதான் பட்டிருக்கு. எந்திரிக்கவே இஷ்டமில்ல அவனுக்கு."

"சரி, பந்து எங்க?"

"பந்தா? அது எங்கியோ போச்சு. இவன் முகத்தைப் பாக்கணும் நீங்க."

தொண்ணூறு நிமிடத்தில் பந்தைப் பற்றி எனக்குக் கிடைத்தது நாலே தகவல். ஸ்கோர் என்ன என்று கேட்டால், "ரெண்டு பக்கமும் வருத்தமாத்தான் இருக்காங்க" என்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்றும் காத்திருப்பேன்.

இங்கே வாரியத்தின் வேலைமுறையைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொலைபேசியின் இன்னொரு இணைப்பைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு தட்டச்சர் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்வார். எழுத்தாளர் பேசுவதை அடிக்க மாட்டார். எழுத்தாளரின் சொற்கள் ஏற்கெனவே வாரியத்துக்குச் சொந்தம், வெளியிலிருந்து வரும் சொற்களைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று விதி. படித்துப் பார்ப்பதும் அவர் வேலையில்லை. அடித்த தாளை என் கோப்பில், நாவல் அத்தியாயங்கள் இருக்கும் அதே கோப்பில், தேதி வரிசையில் சேர்த்துவிடுவார். ஓர் ஆளுக்கு ஒரு கோப்புதான்.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மதிப்பீட்டுக் குழு கூடியது. தலைவர் என்னை அழைத்தார். பருத்த உருவம், கனத்த குரல், ஒரு காலத்தில் ஏதோ எழுதியவர் என்று பேச்சு.

"ஐயா," என்று எழுந்தே நின்றுவிட்டார். "நான் வெளிப்படையா பேசறவன். இதுவரைக்கும் வந்த முப்பத்தெட்டு அத்தியாயத்தையும் நான் படிச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டேன். படிக்கிறதுக்கும் கையெழுத்துப் போடறதுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த வாரியம் என்னைக்குமே மறந்ததில்ல. ஆனா முப்பத்தொன்பதாவது அத்தியாயத்தை எடுத்தேன் பாருங்க, வெக்க முடியலை! தனியா நிக்கிற அந்த மஞ்சள் சட்டைக்காரன்! யாருமே பேசாத அவனோட தனிமை! ‘கால்ல ஒண்ணும் இல்ல, மனசுலதான்’! இருபது வருஷம் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன், ஒரு நாள் கண் கலங்கினதில்ல. நேத்து கலங்கிச்சு."

குழு கைதட்டியது. எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"ஐயா, அது நான் எழுதினது இல்லீங்க. என் மனைவி போன்ல பேசினது. அது ஃபுட்பால் மேட்ச்."

தலைவர் சிரித்தார். கெடு அலுவலர் கோப்பைப் புரட்டி அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் சிரிப்பை நிறுத்தினார்.

"ஒப்புதல் குடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"குடுத்தாச்சுங்க. மூணு கையெழுத்து."

"குடுத்த ஒப்புதலைத் திரும்ப வாங்கின வழக்கம் இந்த வாரியத்துக்கு இல்ல," என்றார் தலைவர். உடனே தீர்மானம் எழுதப்பட்டது. தொலைபேசியும் ஓர் எழுதுகோலே. முப்பத்தொன்பதாவது அத்தியாயம் அந்த எழுதுகோலால் எழுதப்பட்டதால், நாற்பதாவது அத்தியாயமும் அதே எழுதுகோலால், கெடு நாளன்று, குழுவின் முன்னிலையில் எழுதப்பட வேண்டும்.

"அப்ப இங்க வந்து நான் எழுதி வெச்சிருக்கிற முப்பத்தொன்பதாவது அத்தியாயம்?"

"பின்னிணைப்புல போட்ரலாம்."

ஒன்பது வருடம் ஐயா, ஒன்பது வருடம்! என் கோபத்தை யாரிடம் காட்டுவது? ஒரு பிடிவாதம் வந்தது. நாற்பதாவது அத்தியாயத்தை நானும் எழுதி, சனிக்கிழமை ஐந்து மணிக்கு முன்னால் இவர்கள் மேஜையில் வைக்கிறேன், வைத்துவிட்டால் வாங்காமல் என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். முதல் ஒரு வாரம் கதாநாயகன் வாசலை விட்டு நகரவில்லை. கடைசி வியாழனும் வெள்ளியும் "நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி?" என்ற பயிலரங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை விடிந்ததும் பேனாவை எடுத்தவன், பகல் ஒரு மணிக்குத்தான் தலை நிமிர்ந்தேன். என் கதாநாயகன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டான். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல அத்தியாயம் அது. சத்தியமாக நல்ல அத்தியாயம்.

மூன்று மணிக்குக் கூட்டம். தொலைபேசியோடு ஒலிபெருக்கியை இணைத்திருந்தார்கள். குழு முழுவதும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தது. தட்டச்சர் விரல்களைச் சொடக்கிக்கொண்டார். கெடு அலுவலர் என்னிடம் வந்து, முதலுதவிப் பெட்டியிலிருந்து இரண்டு உருண்டை பஞ்சை நீட்டினார்.

"எதுக்குங்க?"

"உங்க மேல தடை இன்னும் இருக்கு சார். நீங்க மேட்ச் கேக்கக் கூடாது. நாங்க கேக்கறது அத்தியாயம், அது வேற. உங்க காதுல விழுந்தா அது கவனச்சிதறல்."

"என் நாவலோட கடைசி அத்தியாயம் எழுதற நேரத்துல நான் காதை அடைச்சுக்கணுமா?"

"ஆமா சார்," என்று சொல்லிவிட்டு அவரே இரண்டு காதிலும் பஞ்சை அழுத்தினார். மென்மையாகத்தான் அழுத்தினார்.

மனைவி அன்று மைதானத்துக்கே போயிருந்தாள். "டீவியில முகம் சரியா தெரிய மாட்டேங்குது, நேர்லயே போறேன்" என்று முந்தின சனிக்கிழமையே சொல்லியிருந்தாள். முப்பத்தொரு வருட ரசிகன் காதில் பஞ்சோடு ஓர் அரங்கில் உட்கார்ந்திருக்க, வேப்பங்காய் என்றவள் கைபேசியோடு மைதானத்தில் இருந்தாள். மடியில் என் நாற்பதாவது அத்தியாயம். ஆனால் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பில் எங்கேயும் இல்லை. நான் முகங்களைப் பார்த்தேன்.

இருபதாவது நிமிடத்தில் தலைவரின் புருவம் இரண்டும் மேலே போய், முகம் அப்படியே தொங்கியது. எதிரணி கோல் போட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அரைமணிக்குக் குழு முழுவதும் சேர்ந்து உச்சுக்கொட்டியது. நீளமுடிக்காரன் விழுந்திருக்க வேண்டும். இடைவேளையில் யாரும் தேநீரைத் தொடவில்லை. எழுபதாவது நிமிடம் இருக்கும், ஏதோ பழைய சுற்றறிக்கைத் தகராறில் எட்டு வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. என் நெஞ்சு அடித்த அடியில் பஞ்சே தெறித்துவிடும் போலிருந்தது. கெடு அலுவலர் பதற்றத்தில் முத்திரையைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டில் அன்றைய தேதி விழுந்திருந்தது.

நாலே முக்கால். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் நாற்காலி மேல் ஒரு காலை வைத்தார். வாய்கள் திறந்தன. அப்படியே திறந்தபடி நின்றன. யாரும் மூடவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். "என்னாச்சுங்க?"

"வெச்சுட்டாங்க," என்றார் தலைவர்.

"எத வெச்சுட்டாங்க?"

"போனை! ‘சும்மா இருங்களேன், பாத்துக்கிட்டிருக்கேன்ல’ன்னு சொல்லி வெச்சுட்டாங்க. நான் பேசவே இல்லீங்களே! நான் சும்மாதானே இருந்தேன்!"

தட்டச்சர் தாளை நீட்டினார். கடைசி இரண்டு வரியைப் படித்தேன். "நீளமுடிக்காரன் ஓடறான், ஓடறான், அடப்பாவி, பக்கத்துல ஆள் நிக்கிறான் பாரு, அவனுக்குக் குடுடா" என்று இருந்தது. அதற்கடுத்து அந்த ‘சும்மா இருங்களேன்’. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மணி நாலு ஐம்பது. திரும்பத் திரும்ப அழைத்தார்கள், அவள் எடுக்கவில்லை. நான் மடியிலிருந்த அத்தியாயத்தை எடுத்துத் தலைவரிடம் நீட்டினேன்.

"ஐயா, நாற்பதாவது அத்தியாயம். முடிச்சுட்டேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"அதை அப்படி ஓரமா வையுங்க ஐயா, மனுஷன் இங்க தவிச்சுக்கிட்டிருக்கேன்!"

ஓரமாக வைத்தேன். வைத்துவிட்டு நானும் தொலைபேசியைப் பார்த்தேன். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஒன்பது வருட உழைப்பு ஒரு கை தூரத்தில் கிடந்தது. கெடு அலுவலரைப் பிடித்து உலுக்கி, வாங்கிக்கொள் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அவன் பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்தானா இல்லையா என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் இல்லை.

ஐந்து அடித்தது. கெடு அலுவலர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே என் கோப்பை இழுத்து "கெடு தவறியது" என்று எழுதி, முத்திரையைக் குத்தினார். கோணாமல், நேராக விழுந்தது. தள்ளுவண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். முப்பத்தெட்டு அத்தியாயம், என் முப்பத்தொன்பது, அவள் முப்பத்தொன்பது, என் நாற்பது, அவளுடைய பாதி நாற்பது எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கீழே போனார்கள். ஒன்பது வருடம் கழித்து என் கதாநாயகன் செருப்பு மாட்டிய அன்றைக்கே அவனைக் கொண்டுபோய் இருட்டில் வைத்துப் பூட்டினார்கள்.

ஐந்து இருபதுக்கு மணி அடித்தது. தலைவரே பாய்ந்து எடுத்தார்.

"குடுத்துட்டாங்க!" என்று ஒலிபெருக்கி கிழிய என் மனைவியின் குரல் கேட்டது. தொண்டை கட்டியிருந்தது. "பக்கத்துல நின்னவனுக்கே குடுத்தான்! ரெண்டு ஒண்ணு! நம்ம ஆளுங்க தப்பிச்சுட்டாங்க! மஞ்சள் சட்டைக்காரனை எல்லாரும் தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறாங்க. கேக்குதா? நம்ம ஆளுங்க!"

அரங்கமே துள்ளியது. தலைவர் தட்டச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மட்டும் உட்கார்ந்து அழுதேன். பாதி அழுகை நாவலுக்கு. மீதி, அவள் முதல் தடவையாக "நம்ம" என்று சொன்னதற்கு.

மூன்று மாதம் கழித்து, புதிய சீசன் தொடங்கிய வாரம், வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கு இல்லை, என் மனைவிக்கு. கடையிலிருந்து வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே படித்தாள்.

"தங்களிடம் முடிக்கப்படாத படைப்பொன்று இருப்பதாக வாரியம் ஐயமறக் கருதுகிறது. அறை எண் 14 தங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வரும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் வந்து சேரவும். தாங்கள் கால்பந்து பார்க்கும் பழக்கம் உடையவர் எனத் தெரியவருவதால், அதை உடனடியாகக் கைவிடுவது இதற்கான முன்நிபந்தனையாகும். பதில் வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும்."

மடித்து என் கையில் கொடுத்தாள். "சனிக்கிழமை மூணு மணிக்கு மேட்ச் இருக்கு. நீங்கதானே எழுதறவரு, ஒரு பதில் எழுதிப் போட்ருங்க."

உடனே உட்கார்ந்தேன். "வர முடியாது, மேட்ச் இருக்கிறது." அவ்வளவுதான். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. அன்று செவ்வாய்க்கிழமை. கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் நான் முடித்த முதல் படைப்பு அது. அவளிடம் காட்டினேன்.

"பரவால்லையே," என்றாள். "இதுல முதல் வரியிலேயே செருப்பு மாட்டிட்டாரு."